30 விநாடி மௌனம்: குயிக் லைப்ரரியில் காணாமல் போன ஒரு டைமர்

இணையத்தில் கிளையன்ட்டும் சர்வரும் மறையாக்கப்பட்ட இணைப்பில் பேசிக்கொள்ள உதவும் குயிக் (QUIC) நெறிமுறைக்கு ரஸ்ட் நிரல்மொழியில் ஒரு சின்னத் திறமூல லைப்ரரியை ஆறேழு வருடமாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். பகலில் வேறு வேலை, இதற்கு ராத்திரியும் சனி ஞாயிறும்தான். பயன்படுத்துபவர்கள் எண்ணிக்கை அதிகம் இல்லை. ஆனால் பயன்படுத்துபவர்கள் ஆழமாகப் பயன்படுத்துகிறார்கள், அதனால் வரும் புகார்களும் ஆழமாகவே இருக்கும். இந்தப் பதிவு அப்படி வந்த ஒரே ஒரு புகாரைப் பற்றியது. கடைசியில் செய்த திருத்தத்தின் மையம் ஒரு "இஃப்" வரியில் சேர்த்த இரண்டாவது நிபந்தனை. அதுவரை போய்ச் சேர ஏழு வாரம் ஆனது.

முதலில் புகார். ஒரு பயனர், மொபைல் செயலி ஒன்றில் எங்கள் லைப்ரரியைக் கிளையன்ட்டாக வைத்திருக்கிறார். சர்வர் பக்கம் வேறு யாரோ எழுதிய குயிக். எப்போதாவது ஒருமுறை இணைப்பு தொடங்கும்போதே அப்படியே நின்றுவிடுகிறது, பிழைச் செய்தி கிடையாது, தரவும் வராது, 30 விநாடி கழித்து நேரம் முடிந்துவிட்டது என்று விழுகிறது, வைஃபையில் இது வருவதே இல்லை, ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்து சோதித்தால் வருகிறது என்று எழுதியிருந்தார். மீண்டும் உண்டாக்கிப் பார்க்க வழி எதுவும் சொல்லவில்லை. அவருக்கே தெரியாதபோது எப்படிச் சொல்வார்.

நான் முதலில் சந்தேகப்பட்டது எல்லாம் வழக்கமான ஆட்களைத்தான். குயிக் ஓடுவது யுடிபியின் மேல், அது பாக்கெட் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத எளிய நெறிமுறை. லினக்ஸில் ஒரு யுடிபி சாக்கெட்டுக்கு இயல்பாகக் கிடைக்கும் பெறுதல் பஃபர் 212992 பைட். வேகமான இணைப்பில் அது சீக்கிரம் நிரம்பி, வந்த பாக்கெட்டைக் கெர்னலே கீழே போட்டுவிடும். குயிக் புகார்களில் பாதி இங்கேதான் முடியும். ஆனால் இணைப்பு தொடங்கும் நேரத்தில் வருவதே நாலைந்து பாக்கெட், அதற்குப் பஃபர் நிரம்ப வாய்ப்பில்லை. அடுத்து, வழியில் ஏதாவது ஃபயர்வால் யுடிபியைத் தடுக்கிறதா? தடுத்தால் எப்போதுமே தடுக்கும், இப்படி எப்போதாவது ஒருமுறை மட்டும் தடுக்காது. சரி, பாக்கெட் இழப்புதான் காரணம் என்று முடிவுகட்டி, என் கணினியில் நெட்எம் (பாக்கெட்டுகளை வேண்டுமென்றே தொலைத்துக் காட்டும் லினக்ஸ் கருவி) வைத்து 5 சதவீத இழப்பை உண்டாக்கி ஆயிரம் இணைப்புகளை ஓடவிட்டேன். ஆயிரமும் ஒழுங்காக முடிந்தன. 10 சதவீதம் வைத்தேன், சில மெதுவாயின, ஒன்றுகூட நிற்கவில்லை. அந்த முடிவை நம்பி இரண்டு வார இறுதிகளை வேறு இடத்தில் தேடிக் கழித்தேன். என் சோதனை ஏன் பிழையைக் காட்டவில்லை என்பது பின்னால்தான் புரிந்தது.

நாலாவது வாரத்தில் அவரே மறுபடி எழுதினார். இணைப்பின் மறையாக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் டிஎல்எஸ் லைப்ரரியைப் புதிய பதிப்புக்கு மாற்றிய பிறகு பிரச்சினை வரவே இல்லை, இஷ்யூவை (புகார்ப் பதிவை) மூடிவிடலாம் என்றார். நன்றி சொல்லி மூடும் பொத்தான் வரை போய்விட்டேன். ஆனால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் அனுப்பியிருந்த ஐந்து லாக் கோப்புகளிலும் அந்தக் காத்திருப்பு 30 விநாடியும் கொஞ்சமும்தான். நெட்வொர்க்கின் கோளாறு இப்படி அளவெடுத்த மாதிரி வராது, ஒருமுறை 4 விநாடி, ஒருமுறை 19 விநாடி என்று சிதறித்தான் வரும். 30 விநாடி என்பது எங்கள் லைப்ரரியில் நாங்கள் வைத்திருக்கும் செயலற்ற நேர வரம்பு. ஆக, பாக்கெட் போய்த் திரும்பிப் போய் அல்லாடவில்லை, இரண்டு பக்கமும் பேசுவதையே நிறுத்திவிட்டு 30 விநாடி சும்மா இருந்திருக்கின்றன. டிஎல்எஸ் பதிப்பு மாறினால் அது எப்படிச் சரியாகும்?

மூடவில்லை. பழைய பதிப்பில் ஒருமுறை க்யூலாக் எடுத்துத் தர முடியுமா, முகவரிகளை அழித்துவிட்டு அனுப்பினால் போதும் என்று கேட்டேன். க்யூலாக் தெரியாதவர்களுக்கு: குயிக்கில் பாக்கெட்டின் தலைப்பில் ஒரு பகுதியும் உள்ளே இருப்பது எல்லாமும் மறையாக்கப்பட்டது, பாக்கெட் எண்கள்கூட மறைவாகவே போகும், அதனால் டிசிபியைப் போல வழியில் ஒட்டுக்கேட்டுப் பார்த்துப் பெரிதாக எதுவும் புரிந்துகொள்ள முடியாது. வயர்ஷார்க்கிடம் சாவிகளைக் கொடுத்தால் பிரித்துக் காட்டும், ஆனால் டைமர் எப்போது வைக்கப்பட்டது, எப்போது ரத்தானது என்பது அதற்கும் தெரியாது. அதை லைப்ரரிதான் உள்ளிருந்து எழுதித்தர வேண்டும். அந்த எழுத்துக்கான பொது வடிவம்தான் க்யூலாக். க்யூவிஸ் என்ற கருவியில் போட்டால் படமாகப் பார்க்கலாம்.

அந்தக் கோப்பு வந்த ராத்திரி இன்னும் ஞாபகம் இருக்கிறது. மொத்தமே இருபது வரிச் சம்பவங்கள். கிளையன்ட் ஒரு பாக்கெட் அனுப்புகிறது. சர்வரிடமிருந்து மூன்று வருகின்றன. கிளையன்ட் அவற்றுக்கு ஒரே ஒரு ஒப்புகை (வந்து சேர்ந்தது என்ற பதில்) அனுப்புகிறது. அதற்கு அடுத்த வரி: இழப்பு டைமர், அதாவது பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பச் சொல்லும் கடிகாரம், ரத்து. அதன் பிறகு 30 விநாடிக்கு ஒன்றுமே இல்லை.

அந்த ரத்து ஏன் தப்பு என்று சொல்ல, குயிக்கின் ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். யுடிபியில் அனுப்புநர் முகவரியை யார் வேண்டுமானாலும் பொய்யாகப் போடலாம். நான் உங்கள் முகவரியைப் போட்டு ஒரு சர்வருக்குச் சின்னப் பாக்கெட் அனுப்பினால், அது பெரிய பதிலை உங்கள் தலையில் கொட்டும். டிஎன்எஸ் வழியாக இப்படித்தான் பெருக்கத் தாக்குதல்கள் நடந்தன. அதனால் 2021 மே மாதம் வந்த ஆர்எஃப்சி 9000, குயிக்கை வரையறுக்கும் ஆவணம், ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறது: கிளையன்ட்டின் முகவரி உண்மையானது என்று உறுதியாகும்வரை, வந்த பைட்டுகளைப் போல 3 மடங்குக்கு மேல் சர்வர் அனுப்பக் கூடாது. அந்த 3 மடங்கு மிகக் குறைவாகிவிடக் கூடாதே என்று, கிளையன்ட் தன் தொடக்க டேட்டாகிராமை (ஒரு யுடிபி பொட்டலத்தை) குறைந்தது 1200 பைட்டுக்கு நிரப்பி அனுப்ப வேண்டும். ஆக சர்வரின் கையிருப்பு 3600 பைட். தொடக்கத்துக்கு அடுத்த கட்டமான ஹேண்ட்ஷேக் நிலைப் பாக்கெட் ஒன்று கிளையன்ட்டிடமிருந்து வந்தால் முகவரி உறுதியானதாகக் கணக்கு, வரம்பு போய்விடும்.

இப்போது அந்தப் பயனரின் சர்வரைப் பாருங்கள். தன் அடையாளத்தைக் காட்ட அது அனுப்பும் சான்றிதழ்கள் ஆர்எஸ்ஏ வகை, இடைநிலைச் சான்றிதழ்களையும் சேர்த்து 4300 பைட் அளவு. 3600-க்குள் அடங்காது. சர்வர் மூன்று டேட்டாகிராம் அனுப்பிவிட்டு, மீதியைக் கையில் வைத்துக்கொண்டு கிளையன்ட்டிடமிருந்து ஏதாவது வரட்டும் என்று நிற்கிறது. கிளையன்ட் மூன்றையும் வாங்கி ஒப்புகை அனுப்புகிறது. அந்த ஒப்புகை வழியில் தொலைந்துபோகிறது, பஸ் ஒரு டவரிலிருந்து அடுத்ததற்கு மாறும் நேரமாக இருக்கலாம். இனி சர்வரால் எதுவும் அனுப்ப முடியாது, பழையதைத் திருப்பி அனுப்பவும் முடியாது, அதுவும் அந்த 3600-இல்தான் சேரும். கிளையன்ட்டோ தன் முதல் பாக்கெட்டுக்கு ஒப்புகை வந்துவிட்டதே, இனி தொலைந்துபோக என்னிடம் எதுவும் இல்லை என்று டைமரை எடுத்துவிட்டது. ஒப்புகையைத் திரும்ப அனுப்பும் வழக்கம் கிடையாது, ஒப்புகைக்கு ஒப்புகையும் கிடையாது. இரண்டு பேரும் அடுத்தவர் பேசட்டும் என்று காத்திருக்கிறார்கள். ஒரே ஒரு பாக்கெட் இழப்பில் முழு இணைப்பும் முடங்கிவிட்டது.

ஒரே ஒரு பாக்கெட் என்பதிலும் எனக்குப் பங்கு உண்டு. பாக்கெட்டுகளைக் கொத்தாக வாங்கி, முடிவில் ஒரு ஒப்புகை மட்டும் அனுப்பும்படி போன வருடம்தான் மாற்றியிருந்தேன், வேகத்துக்காக. அந்த மாற்றம் தன்னளவில் சரியானதுதான். ஆனால் முன்பு இரண்டு ஒப்புகைகள் தொலைந்தால்தான் நடக்கும் முடக்கம், பிறகு ஒன்று தொலைந்தாலே நடந்தது.

என் சோதனை ஏன் காட்டவில்லை என்பதும் இப்போது தெளிவு. நான் வைத்திருந்தது எனக்கு நானே கையெழுத்திட்ட ஒரே ஒரு ஈசிடிஎஸ்ஏ சான்றிதழ், ஆர்எஸ்ஏவை விடச் சின்ன வகை, ஐந்நூறு பைட்கூட இருக்காது. சர்வர் 3600-ஐத் தொடவே இல்லை. ஆயிரம் என்ன, லட்சம் முறை ஓட்டியிருந்தாலும் நின்றிருக்காது.

டிஎல்எஸ் பதிப்பு மாறியதும் பிரச்சினை ஏன் மறைந்தது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. புதிய பதிப்பு குவாண்டம் கணினிகளைத் தாங்கும் சாவிப் பரிமாற்றத்தை இயல்பாக்கியிருந்தது, எக்ஸ்25519 உடன் எம்எல்-கெம் 768 சேர்ந்தது. அதில் கிளையன்ட் அனுப்பும் சாவிப் பங்கு மட்டும் 1184 கூட்டல் 32, மொத்தம் 1216 பைட். 1200 பைட் டேட்டாகிராமில் அது மட்டுமே கொள்ளாது, அதனால் கிளையன்ட்டின் முதல் செய்தி இரண்டு டேட்டாகிராமாகப் போகும். சர்வருக்குக் கிடைப்பது 2400 பைட், கையிருப்பு 7200. சர்வர் பக்கம் சாவிப் பங்கு 1120 பைட்டாகக் கூடுகிறது என்றாலும், 4300 பைட் சான்றிதழோடு சேர்த்து 7200-க்குள் வசதியாக அடங்கிவிடுகிறது. பிழை அப்படியே இருக்கிறது, அதைத் தொடும் வாய்ப்பு மட்டும் குறைந்துவிட்டது. அன்றைக்கு மூடியிருந்தால், பின்னாளில் இன்னும் நீளமான சான்றிதழ் வைத்திருக்கும் யாரோ ஒருவர் இதே இடத்தில் வந்து நின்றிருப்பார், அப்போது என்னிடம் இந்தத் தடயம்கூட இருந்திருக்காது. பிரச்சினை தானாகவே போய்விட்டது என்று யாராவது சொன்னால், ஏன் போனது என்று விளக்க முடியாதவரை நான் இப்போது இஷ்யூவை மூடுவதில்லை.

உண்மையா என்று பார்க்க, குருட்டாம்போக்கில் இழக்கும் நெட்எம்மை விட்டுவிட்டு, இரு பக்கத்துக்கும் நடுவில் நின்று பாக்கெட்டுகளைக் கடத்தும் ஒரு யுடிபி ப்ராக்ஸியை எழுபது வரியில் எழுதினேன். எந்தத் திசையில் எத்தனையாவது டேட்டாகிராமை விழுங்க வேண்டும் என்று பட்டியல் கொடுத்தால் அதை மட்டும் விழுங்கும். ஆர்எஸ்ஏ சான்றிதழ் நான்கை அடுக்கி, பழைய சாவிப் பரிமாற்றத்தை வைத்து, கிளையன்ட் அனுப்பும் இரண்டாவது டேட்டாகிராமை விழுங்கச் சொன்னேன். பத்துக்குப் பத்து முறை 30 விநாடி முடக்கம். ஏழு வாரத்தில் முதல் தடவையாகப் பிழை என் மேஜைக்கு வந்தது.

திருத்தம், குயிக்கில் இழப்பைக் கண்டுபிடிக்கும் முறையைச் சொல்லும் ஆர்எஃப்சி 9002-இலேயே எழுதியிருக்கிறது. அதன் பின்னிணைப்பில் டைமர் வைக்கும் முறையைப் போலிக் குறிமுறையாகக் கொடுத்திருப்பார்கள். ஒப்புகை கேட்கும் பாக்கெட் எதுவும் வழியில் இல்லை என்றால் டைமரை ரத்து செய், ஆனால் எதிர்ப்பக்கம் நம் முகவரியை உறுதி செய்துவிட்டது என்று தெரிந்தால் மட்டும். எங்கள் லைப்ரரியில் இந்தப் பின்பாதி இல்லை. அந்தக் கோப்பை நான் எழுதியது ஆர்எஃப்சி வருவதற்கு முன்னால், வரைவுகளைப் பார்த்து. பின்னர் இறுதி ஆவணத்தோடு வரிவரியாக ஒப்பிட்டபோது பாக்கெட் வடிவங்களைப் பார்த்தேன், மாறிலிகளைப் பார்த்தேன், இந்த இடத்தைக் கடந்துபோய்விட்டேன். வழியில் எதுவும் இல்லையென்றால் டைமர் எதற்கு என்பது டிசிபி பழகிய மனதுக்கு அவ்வளவு இயல்பாகத் தெரியும்.

நிபந்தனையைச் சேர்த்தேன். சோதனையை ஓட்டினேன். சிபியு நூறு சதவீதத்துக்குப் போய்க் கணினி விசிறி சத்தம் போட ஆரம்பித்தது. டைமர் நேரத்தைக் கடைசியாக அனுப்பிய பாக்கெட்டின் நேரத்திலிருந்து கணக்கிடும் குறிமுறை அது. வழியில் பாக்கெட்டே இல்லாதபோது அந்த நேரம் பூச்சியம், ஆகவே டைமர் எப்போதோ முடிந்துவிட்டதாக நினைத்துத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருந்தது. இந்தச் சந்தர்ப்பத்தில் இப்போதைய நேரத்திலிருந்து கணக்கிட வேண்டும், அதுவும் பின்னிணைப்பில் இருக்கிறது. அதைச் சரிசெய்தேன். இப்போது டைமர் ஒழுங்காக அடித்தது, பாக்கெட் மட்டும் போகவில்லை. அனுப்பும் சுழல் "அனுப்ப ஏதாவது இருக்கிறதா" என்று கேட்கிறது, எதுவும் இல்லை, திரும்பிவிடுகிறது. டைமர் அடித்தால் அனுப்ப ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு பிங் சட்டகத்தையாவது (ஒப்புகை மட்டும் கேட்கும் வெற்றுச் செய்தி) போட்டு அனுப்பியே ஆக வேண்டும் என்று ஒரு கட்டாயக் கொடியை வைத்தேன். எந்த நிலையில் அனுப்புவது என்பதிலும் கவனம் வேண்டும். ஹேண்ட்ஷேக் சாவி கையில் இருந்தால் அந்த நிலைப் பாக்கெட், அது போய்ச் சேர்ந்த உடனே சர்வரின் வரம்பு விலகிவிடும். சாவி இன்னும் வராவிட்டால் தொடக்கப் பாக்கெட், அதை 1200 பைட்டுக்கு நிரப்பி அனுப்ப வேண்டும். இந்த இரண்டாவது சந்தர்ப்பம் எப்போது வரும் என்று தோன்றலாம். சில சர்வர்கள் சான்றிதழை வேறெங்கிருந்தோ எடுத்து வர நேரமாகும் என்பதால் முதலில் வெறும் ஒப்புகையை மட்டும் அனுப்பிவிடும், அங்கே வரும்.

இதற்கு நடுவில் புதிதாக ஒருவர் நல்ல மனதோடு ஒரு பேட்ச் அனுப்பினார். ஹேண்ட்ஷேக் முடியும்வரை 500 மில்லிவிநாடிக்கு ஒரு பிங் அனுப்பிக்கொண்டே இருக்கலாம், பத்து வரியில் வேலை முடியும் என்பது அவர் யோசனை. வேலை செய்யும், ப்ராக்ஸி சோதனையில் தேறவும் செய்தது. ஏற்கவில்லை, ஏன் என்று நீளமாக எழுதினேன். ஒரு சர்வர் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம், ஐம்பதாயிரம் கிளையன்ட்கள் அரை விநாடிக்கு ஒருமுறை 1200 பைட்டை அதன்மேல் எறிந்துகொண்டிருந்தால் அது எழுந்திருக்கவே முடியாது. ஒவ்வொரு முறையும் காத்திருப்பு இரட்டிப்பாக வேண்டும், அதுதான் நெட்வொர்க்கில் மற்றவர்களுக்கு நாம் காட்டும் மரியாதை. போக்குவரத்து நேரம் தெரியாத நிலையில் ஆர்எஃப்சி சொல்லும் தொடக்க மதிப்பு 333 மில்லிவிநாடி, அதில் பாதி ஏற்ற இறக்கம், அதன் நாலு மடங்கைச் சேர்த்தால் முதல் டைமர் 999 மில்லிவிநாடி, கிட்டத்தட்ட ஒரு விநாடி, பிறகு இரண்டு, நாலு. தொடக்கப் பாக்கெட்டுக்கு ஒப்புகை வந்தவுடன் அந்த இரட்டிப்பைக் கிளையன்ட் பூச்சியத்துக்குத் திருப்பிவிடக் கூடாது என்றும் ஒரு விதி இருக்கிறது, அதையும் அவருக்குக் காட்டினேன். இரண்டு நாள் பதில் இல்லை, வருத்தப்பட்டுவிட்டாரோ என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அந்த இரட்டிப்பு விதிக்கு மூன்று அலகுச் சோதனைகள் எழுதி அனுப்பினார், அவை இன்று மூலக் கிளையில் இருக்கின்றன.

பிறகு மற்ற குயிக் லைப்ரரிகளோடு சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். இதற்குக் குயிக் உலகத்தில் ஓர் அருமையான பொதுக் கருவி இருக்கிறது, இன்டராப் ரன்னர். டாக்கரில் ஒரு பக்கம் ஒருவருடைய கிளையன்ட், மறுபக்கம் வேறொருவருடைய சர்வர், நடுவில் என்எஸ்-3 நெட்வொர்க் பாவிப்பான், எல்லோரையும் எல்லோரோடும் மோதவிடும். பெருக்க வரம்புக்கும் அதில் ஒரு சோதனை உண்டு. எங்கள் சிஐயில் (குறிமுறை மாறும்போதெல்லாம் தானாகச் சோதனை ஓட்டும் அமைப்பு) அதை சர்வர் பக்கத்துக்கு மட்டும் ஓடவிட்டிருந்தேன், வரம்பு சர்வரின் கடமைதானே என்று. கிளையன்ட்டுக்கும் கடமை உண்டு என்பதைத்தான் இந்த ஏழு வாரம் காட்டியது. இரண்டு பக்கமும் ஓடும்படி மாற்றினேன்.

மாற்றியதும் எங்கள் சர்வர் பக்கத்திலேயே இன்னொன்று அகப்பட்டது. ஒரு கிளையன்ட், 1200 பைட்டை எட்ட, நிரப்பலைப் பாக்கெட்டுக்கு உள்ளே போடாமல் டேட்டாகிராமின் வாலில் வெறும் பூச்சியங்களாகப் போடுகிறது. நாங்கள் பிரித்தெடுத்த பாக்கெட்டின் நீளத்தை மட்டும் கணக்கில் சேர்த்திருந்தோம். 1200 வந்தும் எங்கள் கணக்கில் சில நூறு பைட்தான் வரவு, அந்தக் கிளையன்ட்டுக்குச் சர்வர் மூன்று டேட்டாகிராம்கூட அனுப்பாமல் நின்றுகொண்டிருந்தது. இணைப்புக்கு உரியது என்று தெரிந்த டேட்டாகிராமில் எல்லாப் பைட்டையும் எண்ண வேண்டும், பிரிக்க முடியாமல் எறிந்ததையும் சேர்த்து. அதையும் மாற்றி, சாக்கெட்டிலிருந்து வாங்கும் இடத்திலேயே எண்ணும்படி வைத்தேன்.

வெளியீடு தனி வேலை. பழைய டிஎல்எஸ் பதிப்பிலேயே இருந்தாக வேண்டியவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத்தான் இந்தத் திருத்தம் அதிகம் தேவை. அதனால் புதிய கிளையில் மட்டும் போட்டால் போதாது என்று முந்தைய இரண்டு கிளைகளுக்கும் எடுத்துப்போனேன், ஒன்றில் அனுப்பும் சுழலே வேறு மாதிரி இருந்ததால் கையால் மறுபடி எழுத வேண்டியதாயிற்று. வெளியீட்டுக் குறிப்பில், உடனே மேம்படுத்த முடியாதவர்கள் சர்வரில் ஈசிடிஎஸ்ஏ சான்றிதழுக்கு மாறலாம், அல்லது ரீட்ரையை இயக்கலாம் என்று எழுதினேன். ரீட்ரையில் சர்வர் முதலில் ஒரு டோக்கனை அனுப்பி முகவரியை உறுதி செய்துவிடும், ஒரு சுற்று நேரம் கூடுதலாகும், ஆனால் 3 மடங்கு வரம்பு அங்கேயே முடிந்துவிடும்.

புகார் சொன்னவர் பழைய டிஎல்எஸ், புதிய லைப்ரரி என்று வைத்து அதே பஸ் வழியில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தார். முடக்கம் இல்லை. ஒரு க்யூலாக் மட்டும் இணைத்திருந்தார், அதில் ஒப்புகை தொலைந்திருக்கிறது, டைமர் அடித்திருக்கிறது, ஹேண்ட்ஷேக் நிலையில் ஒரு பிங் போயிருக்கிறது, அடுத்த 80 மில்லிவிநாடியில் மீதிச் சான்றிதழ் வந்து சேர்ந்திருக்கிறது. அந்தக் கோப்பை அப்படியே சோதனைத் தரவுகள் அடைவில் போட்டுவைத்து, இஷ்யூவை மூடினேன்.